உதாரணத்துக்கு ஒரு பாஸ்வேர்டு

எங்கள் ஆபீஸ் போன்களைத் திருட்டுக் கண்களிடமிருந்து காப்பது கம்ப்யூட்டர் சாரின் வேலை. போன வாரம் எங்களை உட்காரவைத்துத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். பிறந்தநாளைப் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாதாம். உதாரணத்துக்கு, 'குண்டுப்பூனை#47' என்று போர்டில் எழுதியும் காட்டினார்.

இன்று சோதனைக்கு வந்த சார், வரவேற்பு மேஜை அக்காவின் போனை வாங்கி, ஏதோ சந்தேகத்தில், போர்டில் எழுதியதையே அடித்துப் பார்த்தார். திறந்துகொண்டது. அடுத்த மேஜையிலும் அதே கதை. பன்னிரண்டு போன்களும் திறந்தன, என்னுடையதும் சேர்த்துத்தான்.

"உங்களுக்கெல்லாம் சொந்தமா எதுவுமே தோணாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் அக்கா.

சார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அவசர அவசரமாகத் தன் போனின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தார்.