மரண அறிவித்தல் நேரத்து இரைச்சல்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் அந்த வருடம் பேசக்கூடிய றேடியோ ஒன்றுதான் இருந்தது. அது என் வாடகைக் காருக்குள் இருந்தது. சண்டைக் காலம். மின்சாரம் நின்று நெடுங்காலம், ரோர்ச் பற்றரிகூட உள்ளே கொண்டுவரத் தடை. விடிந்தால் செய்தி கேட்க என்று சனம் காரைச் சுற்றி நிற்கும். காரோ மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். அதன் பற்றரி சாகக் கிடந்ததால் எஞ்சின் ஓடினால்தான் றேடியோ கதைக்கும். எஞ்சின் ஓடினால் றேடியோவுக்குள் விசில் அடிக்கும். இதற்கு நடுவில்தான் என் சீவியம் போய்க்கொண்டிருந்தது.

செய்தி கேட்க வருகிறவர்கள் விசிலைப் பெரிதாக எடுப்பதில்லை. என்ன செய்தி வரும் என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். முன்வீட்டுப் பத்மாவதி அக்கா மட்டும் செய்தி முடிந்த பிறகு வருவார். பின் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கொழும்பு வானொலியின் மரண அறிவித்தலை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். புத்தூரில் அவரோடு பிறந்த தமையன் பஞ்சலிங்கம் கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தார். நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மாரிமழைக்கு முன் சொன்னதோடு சரி. கடிதம் இல்லை, ரெலிபோன் இல்லை. கொழும்பில் ஒருவர் செத்தால் அதை யாழ்ப்பாணத்துக்குச் சொல்ல வானொலியை விட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே தமையன் பெயர் வராத நாளெல்லாம் தமையன் உயிரோடு இருக்கிற நாள். "இண்டைக்கும் இல்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் தலையாட்டுவேன்.

அன்று காலை, "புத்தூரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று அறிவிப்பாளர் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எஞ்சின் இரைந்து ஏறியது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. விசில் அதோடு ஏறி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. குரல் திரும்ப வந்தபோது யாரோ ஒரு மட்டக்களப்புக்காரரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரெண்டு சொன்னவங்கள், தம்பி?"

"விளங்கேல்லை அக்கா."

"எங்கடை ஊரெல்லோ சொன்னது."

"புத்தூரிலை எத்தினை சனம். வெள்ளவத்தையிலை புத்தூர்ச் சனம் எத்தினை. பின்னேரம் திரும்ப வாசிப்பாங்கள், கேப்பம்."

"பின்னேரமும் உது இப்பிடித்தானே கத்தும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இறங்கவும் இல்லை, அப்படியே பின் சீற்றில் இருந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன்.

லியோன் அங்கே வள்ளத்து எஞ்சின்களும் றேடியோவும் திருத்துகிறவன். என் காருக்கு இந்த றேடியோ செற்றைப் பூட்டியவனும் அவன்தான். வள்ளங்களைக் கடலுக்கு விடாத காலம் என்பதால் வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருந்தே களைத்துப் போயிருந்தான். மத்தியான வெயிலில் இருவரும் சைக்கிள் உழக்கி வந்து சேர்ந்தோம்.

முதலில் ஏரியல் வயரைப் பிடுங்கினான். விசில் நின்றது. "செற்றிலை பிழையில்லை அண்ணை. ஏரியலாலைதான் உள்ளுக்கு வருது." மட்காட்டில் ஏரியல் நின்ற இடத்தைச் சுற்றித் துருப்பிடித்த கறளைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் வரை தேய்த்துத் திரும்பப் பூட்டினான். கொஞ்சம் குறைந்தது. குறைந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம் என்பதே சரி. பிறகு பெல்ற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். டைனமோ சுழலாததால் விசில் இல்லை. ஆனால் பிளக் அடிக்கிற டிக் டிக் சத்தம் அப்படியே இருந்தது.

லியோன் பொனற்றுக்குள் தலையை விட்டுத் தேடினான். "இரைச்சல் பிடிக்க நான் ரெண்டு கொன்டென்சர் பூட்டினனான். டைனமோவிலை ஒண்டு, கொயிலிலை ஒண்டு. எங்கை ரெண்டும்?"

"நீதானே கழட்டினனி."

"நானோ?"

அவன்தான். ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் டிஸ்ரிபியூற்றர் கொன்டென்சர் எரிந்து கார் நின்றது. புதிதாக வாங்கக் கடையில் சாமான் இல்லை. பாட்டுப் பெட்டிக்கு வைத்த கொன்டென்சர் ஆடம்பரம்தானே என்று லியோனே அதைக் கழற்றி எஞ்சினுக்குப் போட்டுக் காரை ஓட்டிவைத்தான். மற்றது இன்னொரு வாடகைக் காருக்குள் போனது. அப்படித்தான் எங்கள் வட்டாரத்தில் கார்கள் ஓடின. றேடியோவின் சாமானைத் தின்றுதான் எஞ்சின்கள் உயிரோடு இருந்தன.

"இதைக் கழட்டினா எஞ்சின் நிண்டுபோம். கழட்டாட்டி றேடியோ கத்தும்" என்றான் லியோன். தார் ரோட்டில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைத்தான். பத்மாவதி அக்கா பின் சீற்றிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டாரோ தெரியாது.

கடைசியில் லியோன்தான் சொன்னான்: "பற்றரியைப் பின்னேரம் வரைக்கும் சார்ச் பண்ணுவம். வாசிக்கிற நேரம் எஞ்சினை நிப்பாட்டுவம். கொஞ்ச நேரம் தாங்கும்."

அதற்குள் எரியப்போவது, அடுத்த நாள் சண்டிலிப்பாய்க் கலியாண வீட்டு ஓட்டத்துக்கு என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த மண்ணெண்ணெய். நின்ற எஞ்சினைத் திரும்ப எழுப்பக் கார்பரேற்றருக்குள் விடுவதற்குப் பெற்றோல் வேறு வேண்டும். மனுசன் படுகிற பாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று வாய் வரை வந்தது. பின் சீற்றைப் பார்த்தேன். கலனை எடுத்துத் தாங்கிக்குள் கவிழ்த்தேன்.

பெல்ற்றைத் திரும்பப் பூட்டினான் லியோன். பின்னேரம் வரை எஞ்சின் புகைத்தது. நேரம் வந்ததும் நிறுத்தினேன். காதுக்குள் இன்னும் அந்த இரைச்சல் கேட்பதாகத் தோன்றியது. ஆனால் றேடியோ துப்புரவாக இருந்தது. அறிவிப்பாளர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஒருவர், இன்னொருவர் என்று வாசித்து வந்து அவர் சொன்னார்:

"புத்தூரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி பராசக்தி ஏரம்பு காலமானார்."

என் சீற்றை இறுகப் பிடித்திருந்த கையைப் பத்மாவதி அக்கா விட்டார். "அண்ணியின்ரை தாய்" என்றார். "பாவம். வயசும் போட்டுது." கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் உயிர் வந்துவிட்டது. லியோன் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

குரல் நிற்கவில்லை. "அன்னார் காலஞ்சென்ற ஏரம்புவின் அன்பு மனைவியும், இராசேஸ்வரியின் அன்புத் தாயாரும், காலஞ்சென்ற பஞ்சலிங்கத்தின் அன்பு மாமியாரும் ஆவார்."

ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. விசில் அடித்திருக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கையை நீட்டி செற்றை நிறுத்தினேன்.

"அப்ப அண்ணையை எண்டைக்கு வாசிச்சவங்கள்?" என்று பத்மாவதி அக்கா கேட்டார். "நான் ஒரு நாளும் விடாமல் இதுக்கைதானே இருந்தனான்."

லியோன் பொனற்றை மூடாமல் பிடித்தபடி நின்றான்.

"போன வெள்ளிக்கிழமையும் அண்ணையின்ரை பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விச்சனான், தம்பி" என்றார். "சுகமாய் எழும்பி வரவேணுமெண்டு."