சிவப்புப் பக்கம்

காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அவள் கண் போனது விடுதியின் சாவிப் பலகைக்குத்தான். ஆறாம் சாவி இன்றைக்கும் சிவப்பைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அந்த அறையில் யாரும் இல்லை. ஏரிக்கு யாரும் போகவுமில்லை.

"காத்துல திரும்பியிருக்கும்க்கா," என்றார் சமையல்காரர், வழக்கம்போல.

காற்றாம், காற்று! பதினொரு சாவி வரிசையாகத் தொங்கும்போது ஆறை மட்டும் தேடி வந்து திருப்புகிற காற்றை அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை. எண் தெரியும்படி மாற்றி மாட்டினாள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை இப்படித்தான். தூக்கத்தில் தானே எழுந்து வந்து திருப்புகிறோமோ என்று பயந்து, ஒரு காலத்தில் தன் அறையை வெளியிலிருந்து பூட்டச் சொல்லிக்கூடப் படுத்திருக்கிறாள். மறுநாளும் சிவப்புதான்.

பலகை தாத்தா செய்தது. ஏரிக்கரையில் நாலே அறையோடு விடுதியைத் தொடங்கியபோது அவர் போட்ட சட்டமும் அதனோடு வந்தது. ஒவ்வொரு சாவியிலும் ஒரு மரவில்லை. ஒரு பக்கம் அறை எண், மறுபக்கம் சிவப்புச் சாயம். தங்க வந்தவர் படகேறினால் துறை ஆள் வந்து சாவியைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். அவர் கரையேறியதும் எண்ணுக்குத் திருப்ப வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. விளக்குப் போடும் நேரத்தில் ஒரு சிவப்பு மிச்சமிருந்தாலும் வாசல் மணியை அடித்து, தேடப் படகை அனுப்பிவிட வேண்டும். "தண்ணிக்குப் பக்கத்துல பொழைக்கிறவன் தண்ணிய நம்பக்கூடாது" என்பாராம். அப்பா காலத்தில் அறைகள் பதினொன்றாயின. அப்பாவுக்கு முன்மேசை, சித்தப்பாவுக்குப் படகுத்துறை. அண்ணனும் தம்பியும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள், அந்த ஒரு சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு விடுதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆறாம் அறைக்காரர் தனியாகச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் சாவியைத் திருப்பிவிட்டு, சித்தப்பா அறைகளைக் காலி செய்த ஒரு கூட்டத்தைப் பெரிய படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனவர் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டார். எட்டு வயதுக்காரியான இவள் முக்காலியில் ஏறி, துணியால் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள் வரிசையாகத் தெரிவதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு, பல் விழுந்த இடம் மாதிரி அசிங்கமாக இருந்தது. திருப்பிவிட்டாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

விளக்குப் போடும்போது அப்பா பார்த்தார். எல்லாம் எண். மணி அடிக்கவில்லை. காலையில் படகு நாணலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அந்த மனிதரை மதியத்துக்கு மேல்தான் கண்டெடுத்தார்கள். வெகுநேரம் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார், விரல் நகமெல்லாம் பெயர்ந்திருந்தது.

"திருப்பிட்டுத்தாண்ணா போனேன்!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப சாவி தானா திரும்பிச்சா?" என்றார் அப்பா.

மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தவள் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். சித்தப்பா ஒரு பையோடு கிளம்பிப் போனார். அப்பா சாகும்வரை தம்பி பேச்சை எடுக்கவில்லை. அவர் அன்று கேட்ட கேள்விக்குத்தான் அந்தச் சாவி இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றும்.

இன்று மதியம் ஒரு கிழவர் பையோடு வந்து மேசைமுன் நின்றார்.

"ஆறு காலியா இருக்கா, பாப்பா?"

ஐம்பத்திரண்டு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அழுதாள். அவரும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாப்பத்துநாலு வருஷமா அதே யோசனை. முதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு, திருப்பினேன்னு. இப்ப இல்ல. மறந்துதான் போயிருப்பேன் போல. அந்த மனுஷன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஒரு படகு குடு."

இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று மனசு அவளைக் குத்தியது. எழுந்து சாவியை நீட்டினாள், அவ்வளவுதான் முடிந்தது. சாயங்காலம் அவரே சாவியை மாட்டினார், சிவப்புப் பக்கமாக. இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ சாட்சி, பாப்பா. திருப்பிட்டேன்."

அவர் துறையில் துடுப்பை எடுக்கும்போதுதான் அவள் ஓடிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"சித்தப்பா, நீங்க மறக்கல. நான்தான் திருப்பினேன். தொடைக்கும்போது. தெரிஞ்சும் சொல்லல."

அவர் அவளையே பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் திருப்பினேன்!" என்றார். "நான் திருப்பித்தான் வச்சேன்!" மறுபடி மறுபடி அதையே சொன்னார். அப்புறம் உதடு கோணியது. "அண்ணன் போயிட்டானே, பாப்பா. இனி யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

அவள் கையை விளிம்பிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, துடுப்பை ஊன்றித் தள்ளினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் துறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். படகு சின்னதாகி, நடு ஏரியில் நின்றது. அதில் அவர் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது.

பின்னால் சமையல்காரர் குரல். "அக்கா, விளக்குப் போட்டுட்டேன். ஐயா கரையேறிட்டார் போல, ஆறாம் சாவி நம்பரைக் காட்டுது. மணி வேணாம்ல?"

அவள் சட்டென்று எழுந்தாள்.

"நீங்க தொட்டீங்களா?"

"ஐயோ, நான் ஏங்க்கா தொடறேன்!"

பலகையைப் பார்க்க அவள் போகவில்லை. செருப்பு எங்கோ கழன்று விழ, வாசலுக்கு ஓடி மணிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் துரு தலைமேல் உதிர்ந்தது. அறைகளின் ஜன்னல்கள் திறந்தன, யார் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். தேடப் படகு இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி நடுவில் கறுப்புப் புள்ளியாகிவிட்ட அவர் படகு அசைகிற மாதிரி இருந்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.