ஒன்றரை மணி நேரத் தூரம்

பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னதும், அப்பா இரண்டு கைகளாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் எதையும் எடுக்கலைங்க" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி வெகுநேரமாகியும் விமானத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்கும் தம்பி இருக்கும் ஊருக்கும் எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதிலிருந்து அவன் இதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். "ஒன்னரை மணி நேரம்தானேக்கா? ஒரு வார்த்தை சொல்லு, பறந்து வந்துடுறேன்." நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எதையும் என்றால் அப்பாவையும்தான். தம்பிக்காக இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டேன். இரண்டு முறையும் அவனுக்கு ஏதோ தலைபோகிற வேலை. மூன்றாவது தேதி நெருங்கியபோதுதான் உறைத்தது, இந்தப் பக்கமிருந்து போனாலும் அதே ஒன்றரை மணி நேரம்தானே என்று. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

வானத்தில் இருந்தது உண்மையிலேயே கொஞ்ச நேரம்தான். மீதிப் பயணமெல்லாம் தரையில்: வாடகைக் கார், வரிசை, சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பு. இறங்கியதும் கழிப்பறை. ஆண்கள் பக்கம் நான் போக முடியாது, பெண்கள் பக்கம் அவர் வரமாட்டார். துப்புரவு வேலை செய்யும் ஒருவர், "நான் பாத்துக்கறேம்மா" என்று அழைத்துப் போனார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு கோடியில் விமான நிலையம், மறுகோடியில் தம்பி வீடு. கதவைத் தட்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவனை நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தவன் பேயறைந்தவன்போல நின்றான். "அக்கா... சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "டேய் சுண்டு! என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே?"

கடைக்குட்டிக்கு அப்பா வைத்த செல்லப்பெயர் அது. தினமும் குளிப்பாட்டி ஊட்டிவிடும் என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருடமாகிறது. வயிறெரிந்தது, பொய் சொல்வானேன். தம்பி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

அவனே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் சோபாவில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ நல்லா தேறுற வரைக்கும் அப்பா இங்கேயே இருக்கட்டும்க்கா. நான் பாத்துக்கறேன்."

வந்த காரியம் முடிந்தது. ராத்திரி விமானத்திலேயே திரும்பி, காலையில் நான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மருந்துப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சுண்டு, வழியெல்லாம் இந்தம்மாதான்டா என்னைப் பாத்துக்கிட்டாங்க. தங்கமானவங்க. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா." சொல்லிவிட்டு எனக்குக் கைகூப்பினார்.

அப்பா சொன்னதும் தம்பி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான். எழுந்தபிறகு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றேன். திறந்திருந்த கதவுக்கு வெளியே லிஃப்ட் வந்து நின்றது, திறந்தது, யாரும் ஏறாததால் தானாகவே மூடிக்கொண்டது.