ஐந்தாவது வெடி

முதுகுக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று எனக்குத் தெரியாமல் போயிற்று. என் மைத்துனன் அசோகனின் முதுகும் ஒரு சண்டைப்படக் கதாநாயகனின் முதுகும் ஒரே அளவு. அது போதுமாம், அவனுக்கு டூப் வேஷம். கோலார் தங்கச் சுரங்கத்தில் பதிமூன்று வருஷம் வெடி வைத்த எனக்கு, அதே படத்தில் வெடி வைக்கும் வேலை, பாறை மறைவில் ஓர் இடம். அவனைப் படக் கம்பெனிக்குக் கூட்டிப்போனதே நான்தான்.

விவேக் நகர் வீட்டில் என் மனைவி பாஞ்சாலிக்குப் பொழுது விடிந்தால் தம்பி புராணம். "எங்க அசோகன் தொப்பி போட்டா அவன்தான் ஹீரோ" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மீன் குழம்பில் தலைத்துண்டு அவன் தட்டுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிப்பானேன்?

அத்திபெலே பக்கத்துக் கல்குவாரியில் படப்பிடிப்பு. கொள்ளைக்காரர்களின் குகை ஐந்து வெடியில் சிதற வேண்டும். பிறகு டைரக்டர் வெள்ளைத் துணியை ஆட்டுவார். அசோகன் புகைக்குள் ஓடி, கீழே கிடக்கும் துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

சுரங்கத்துக்காரர்கள் வெடிச் சத்தத்தை விரல் மடக்கி எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டோம். எங்கோ ஒரு திரி மெதுவாக எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று எனக்கு நான்கு விரல்தான் மடங்கியது. டைரக்டர் எண்ணவில்லை, துணியை ஆட்டிவிட்டார். அசோகன் ஓடினான். 'நில்லுடா' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. புதுத் தொப்பியோடு அவன் ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதி வழியில் அவனாகவே குப்புற விழுந்தான். ஐந்தாவது வெடித்தது. கல்மழை ஓய்ந்ததும் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புகைக்குள் நடந்தான். கேமரா நிற்கவே இல்லை. டைரக்டர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து, கண்டோன்மென்ட் கொட்டகையில் மூவரும் மாட்டினி பார்த்தோம். அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது. 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அசோகன் என் காதோரம் குனிந்தான்.

"மாமா, பாதி வழியில எண்ணிப் பார்த்துத்தான் விழுந்தேன். அன்னைக்கு நாலுதானே கேட்டுச்சு?"

"சத்தத்துல எண்ண முடியலடா."

"பதிமூணு வருஷத்துல நீ ஒரு தபாகூட எண்ணிக்கை தப்பினதில்லையே."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்கறீங்க?" என்றாள் பாஞ்சாலி.

"ஒண்ணுமில்லக்கா. கைதட்டு வாங்கிக் குடுத்தது அந்தக் கடைசி வெடிதான். அது மாமாவோடது."

அவள் என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதாங்க என் தம்பி பேரு வாங்கினான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கிக்கிடந்தேன். கையை மெல்ல உருவிக்கொண்டேன்.