மகன் இருக்கிற மனுசன்

ஃப்ளெக்ஸ் கட்டக் கயிறு கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்லிவிட்டு நாச்சியார் உள்ளே போனாள். கயிறு இருந்தது. கொடுக்கத்தான் மனமில்லை.

அந்த ஃப்ளெக்ஸில் செத்துப்போன அப்பா சின்னக்கருப்பு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆளுயரத்துக்கு அண்ணன் சேவுகப்பெருமாள், காதில் செல்போனோடு சிரித்துக்கொண்டு நின்றான். பேருக்குக் கீழே 'தொழிலதிபர், திருப்பூர்' என்று போட்டிருந்தது. யாருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று வழியில் போகிறவன் குழம்பிப்போவான்.

உள்ளே தொழிலதிபர் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். போன் வந்தது. அழுகையை நிறுத்தி, "லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டு, வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதான். அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியே அப்பாவுக்கு இடுப்பு போனது. அதன்பிறகு கஞ்சியும் மாத்திரையும் நாச்சியாரின் கூலியில்தான். அவளும் அதே ஆலையில் நெல் காயப்போடுகிறவள். புருசன் இல்லாத வீட்டில் இன்னொரு வயிறு. அண்ணன் ஒரு தீபாவளிக்கு இரண்டு பனியன் அனுப்பினான். இரண்டிலும் தையல் விட்டிருந்தது.

முதியோர் பென்சனுக்கு எழுதிப்போட்டு, அப்பாவைத் தாலுகா ஆபீசுக்கு அவள்தான் கூட்டிப்போனாள்.

"மகன் இருக்கானா பெரியவரே?" என்று அங்கே கேட்டார்கள்.

"இருக்கான்யா. திருப்பூர்ல கம்பெனி."

"பணம் அனுப்புறானா?"

"மாசாமாசம் அனுப்புறான்."

மனு அன்றைக்கே தள்ளுபடியானது. பஸ்ஸில் அவள் பொறுக்கமாட்டாமல், "ஏம்ப்பா பொய் சொன்னீக?" என்றாள்.

"சோறு போடலைன்னு நான் என் வாயால சொல்லிட்டா, அப்பறம் அவன் எனக்கு யாரு தாயி?"

போன வருசம் புதிதாக வந்த அதிகாரி நல்லவர். உண்மையைச் சொன்னால், முதல் மனு போட்ட நாளிலிருந்தே சேர்த்துத் தரச் சொல்லி மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். அவரிடமும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, மாசாமாசம் அனுப்புறான் என்றே சொன்னார். இடுப்பு நிமிராத மனுசன் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எப்படித்தான் நிமிர்ந்தாரோ.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். அண்ணன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகப் பந்தலில் உட்கார்ந்தான். கேதம் கேட்க வந்திருந்த தலையாரி செம்மலை, ஆற்றாமையில் வாயை விட்டார்.

"அந்தப் பென்சன் மட்டும் வந்திருந்தா பெரியவர் கடைசிக் காலத்துல சிரமப்பட்டிருக்க மாட்டாரு. பழைய தேதியிலருந்து சேத்துக் குடுக்கவும் அதிகாரி தயாராத்தான் இருந்தாரு."

அண்ணனின் முகத்தில் துக்கம் சட்டென்று வடிந்தது. "பழைய தேதியிலருந்தா? அதை இப்ப வாரிசு வாங்க முடியுமாண்ணே?"

செம்மலை தரையைப் பார்த்தார். "ஆள் போனப்பறம் கஷ்டந்தான். கேட்டுப் பாக்குறதா இருந்தாலும், மகன் கவனிக்கலைன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும்." அதோடு ஆசாமி வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அவ்வளவுதானா? பத்துப் பைசா குடுத்ததில்லைன்னு எழுதித் தாரேன். இந்தா, இத்தனை பேர் இருக்காகள்ல, எல்லாரும் சாட்சி. நாச்சி, நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுரு."

நாச்சியார் டீத்தட்டோடு நின்றாள். சாம்பல்கூட ஆறியிருக்காது. அப்பா சாகிறவரை வாயில் வரவிடாத சொல்லை இவன் வெற்றிலை கேட்கிறமாதிரி கேட்டுவிட்டான்.

"நான் போட மாட்டேன்ணே."

"ஏன்?"

"நீங்கதான் அனுப்புனீகள்ல. மாசாமாசம் அனுப்புனீக. அப்பா சொல்லிருக்காக. ஆபீஸ்ல அப்படித்தான் பதிஞ்சிருக்கு." குரலை உயர்த்தாமல் செம்மலையிடம் திரும்பினாள். "என்னைய யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். இல்லை, அப்பா சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். மொட்டையைத் தடவிக்கொண்டான்.

கேத வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. செம்மலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள்.

நாச்சியார் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். கடைசியில் அண்ணன் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். அவன் எழுந்திருக்கட்டுமென்று பக்கத்திலேயே நின்றாள்.