சிறுநீரகத்துக்கு ஒன்பது தட்டுச் சீர்

பாலக்கோட்டுப் பக்கம் எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் சின்னராஜுக்கு முதலில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சமைக்கவோ பந்தல் போடவோ அல்ல, முறை சொல்ல. தாய்மாமன் எங்கே நிற்க வேண்டும், மாலையை யார் எடுத்துக் கொடுக்க வேண்டும், சீர்த்தட்டு எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு தட்டு குறைந்தால் போதும், பந்தியே போட விடமாட்டார் மனுஷன். தக்காளித் தோட்டத்தை நம்பிப் பிழைக்கிறவருக்கு இதில் ஏன் இவ்வளவு வீம்பு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை.

வீம்புக்குக் காரணம் உண்டு. அவருடைய சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு சீர்த்தட்டும் வரவில்லை. அவர் சுகுணாவைக் கட்டினார். சுகுணாவின் அண்ணன் மாது, இவருடைய தங்கச்சியைக் கட்டினான். ஒரே பந்தலில் ரெண்டு ஜோடி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம், ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி, சீர் எதற்கு என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். மூத்த மகள் காலேஜுக்குப் போகிற வயசு வந்த பிறகும் அந்த ஆதங்கம் சின்னராஜுக்கு ஆறவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் சுகுணாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது.

வாரத்துக்கு மூன்று நாள் தர்மபுரிக்குப் போய் டயாலிசிஸ். வந்தால் பாதி நாள் படுக்கை. தக்காளிக் காட்டுக்காரிக்குத் தக்காளி ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அவளே சிரித்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், தண்ணீர்தான் கொடுமை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சின்ன டம்ளரில் அளந்து, நாக்கை நனைத்து நனைத்துக் குடிப்பாள். அவள் பார்க்கிறாளே என்று சின்னராஜ் வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். தாகம் எடுத்தால் வெயிலில் மோட்டார் கொட்டகைக்கு நடந்துபோய்க் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வருவார். சுகுணாவுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டாள்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் உறுப்புமாற்று வேலைகளை ஒருங்கிணைக்கிற நிர்மலாதேவி, வந்தவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசுகிற பெண்மணி.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப, மூளைச்சாவு ஆனவங்க வீட்ல உறுப்பு கேட்டா அடிக்க வருவாங்க. இப்ப அவங்களே முன்வந்து குடுக்கறாங்க, அரசு மரியாதையோட வழியனுப்பறாங்க. நம்ம நாட்டுல இது வருஷா வருஷம் கூடிட்டுத்தான் வருது. ஆனா கேட்டு நிக்கறவங்க வரிசை அதைவிட வேகமா நீளுது. பேரைப் பதிஞ்சு வைக்கறேன். வீட்ல யாராவது குடுக்க முடிஞ்சா சீக்கிரம் முடியும்."

"நான் குடுக்கறங்க" என்றார் சின்னராஜ், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து.

நிர்மலாதேவி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காருங்க, இப்பவே எடுக்க மாட்டோம். இந்த ரூமுக்கு வர்ற ஜோடிங்கள்ல குடுக்கறது பெரும்பாலும் பொண்டாட்டி, இல்லன்னா அம்மா. வாங்கிக்கறது ஆம்பள. நாடு பூரா இதே கதைதான். பொம்பளைக்கு வேணும்னா புருஷன் வீட்டாளுங்க நகத்தைக் கடிச்சிட்டு நிப்பாங்க. நீங்க எழுந்து நிக்கறீங்களே, அதான் பாத்தேன்."

"அதெல்லாம் வேணாங்க" என்று சுகுணா குறுக்கே விழுந்தாள். "தக்காளிப் பெட்டி தூக்கற ஒடம்பு. இவருக்கு ஒண்ணுன்னா காட்ட யாரு பாக்கறது?"

"நீ சும்மா கெட புள்ள. எனக்குத்தான் ரெண்டு இருக்குதில்ல?"

ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கிய பிறகுதான் சுகுணா தலையாட்டினாள். அதற்குள் ரத்தம் காலை வாரிவிட்டது. அவளுக்கு ஏ, இவருக்கு பி. சேராது. அண்ணன் மாது ஓடிவந்தான், அவனுக்குச் சர்க்கரை. அன்றைக்குப் பஸ்ஸில் சின்னராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டும் ரத்தம் சேரவில்லையே என்று அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

கொஞ்ச நாளில் நிர்மலாதேவி போன் செய்தார். அரூரில் ஒரு குடும்பம். புருஷன் ராஜாவுக்குச் சிறுநீரகம் வேண்டும், அவன் ரத்தம் பி. கொடுக்கத் தயாராக இருக்கிற பெண்டாட்டி மலர்விழிக்கு ஏ. அவர்களுக்கும் சேரவில்லை. சின்னராஜுடையது ராஜாவுக்கு, மலர்விழியுடையது சுகுணாவுக்கு. ஒரே நாளில் நாலு பேருக்கும் ஆபரேஷன். சட்டத்தில் இடம் உண்டு, அனுமதிக் குழு விசாரித்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

"அட, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது!" என்று கத்தினார் சின்னராஜ். "இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமில்லீங்க?"

"உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படியே வச்சுக்கங்க" என்றார் நிர்மலாதேவி. "ஒண்ணு மட்டும் ஞாபகம். ரெண்டு குடும்பத்துக்குள்ள ஒரு பைசா கைமாறக் கூடாது. மாறுச்சுன்னு தெரிஞ்சா குழு அனுமதி தராது. எல்லாம் போச்சு."

"சத்தியமா ஒரு பைசா மாறாதுங்க."

மாறவும் இல்லை. அந்த மட்டில் மனுஷன் சொன்ன சொல் காப்பாற்றினார்.

குழு கூடுகிற நாளில் மாதுவின் டெம்போ விடியற்காலையில் பாலக்கோட்டை விட்டுக் கிளம்பியது. முன்சீட்டில் சுகுணா. பின்னால் தார்ப்பாய் மூடியிருந்தது. தக்காளி லோடு போலிருக்கிறது, கோயம்புத்தூரில் இறக்குவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சின்னராஜ் எதற்காகப் பட்டுக்கரை வேட்டியும் தோளில் துண்டுமாக வருகிறார் என்று கேட்கத்தான் நினைத்தாள், அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் மலர்விழியும் ராஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜா மெலிந்து, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மலர்விழி சுகுணாவைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் போனில் நிறையப் பேசியிருந்தார்கள், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து நடைக்கோடியில் ஒரு ஊர்வலம் வந்தது.

முன்னால் சின்னராஜ், பின்னால் மாது, அவனுக்குப் பின்னால், சுகுணா தூங்கின பிறகு வழியில் டெம்போவில் தொற்றிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள். கைக்கு ஒரு தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், கல்கண்டு, மஞ்சள் குங்குமம், மல்லிகைப்பூ, மலர்விழிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை, ராஜாவுக்கு வேட்டி சட்டை. ஒன்பதாவது தட்டில் சொந்தத் தோட்டத்துத் தக்காளி, கோபுரமாக அடுக்கியது. பணம் மட்டும் வைக்கவில்லை. வழக்கமாக வைக்கிற நூற்றியொரு ரூபாயைக்கூட எடுத்துவிட்டிருந்தார்.

"சம்பந்திங்க ஏத்துக்கணும்" என்று முதல் தட்டை ராஜாவின் மடியில் வைத்தார் சின்னராஜ்.

அறைக்கதவு திறந்தது. குழுவின் தலைவர், நரைத்த முடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு டாக்டரம்மா, வாசலில் நின்று ஒன்பது தட்டையும் பார்த்தார். பின்னால் நின்ற நிர்மலாதேவிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்ன?"

"சீருங்கம்மா."

"எதுக்குச் சீர்?"

"அவங்க வூட்ல இருந்து கிட்னி எடுக்கறமில்லீங்களா? வெறுங்கையோட எப்டிங்க எடுக்கறது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பொருள் குடுத்து உறுப்பு வாங்கறதுக்கு என்ன பேர் தெரியுமா உங்களுக்கு?"

"ஐயோ, பணமே வெக்கலீங்க! பணம்தான் கூடாதுன்னாங்க, பழம் கூடாதுன்னு சொல்லலீங்களே!"

"பட்டுப்புடவை பழமா?"

டாக்டரம்மா நிர்மலாதேவியிடம் திரும்பினார். "இந்த ஃபைலை நிறுத்தி வைங்க. இவங்களுக்குள்ள வேற என்னென்ன கைமாறியிருக்குன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போதுதான் சின்னராஜுக்கு உறைத்தது. சுகுணா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றைய டயாலிசிஸ் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஊருக்கெல்லாம் முறை சொல்லிச் சொல்லிக் கடைசியில் கட்டினவள் உயிருக்கே உலை வைத்துவிட்டோமே என்று பதறினார். தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த சீரைத் திருப்பி எடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அதுவும் அவரே ஊர் ஊராகச் சொன்ன முறைதான். எடுத்தால் மலர்விழி மனம் மாறிவிட்டால்? எடுக்காவிட்டால் டாக்டரம்மா விடமாட்டார். ராஜாவின் மடியில் இருந்த தட்டின் மேல் கையை வைத்தவர், எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அப்படியே குனிந்து நின்றார்.

"ஏங்க" என்றாள் சுகுணா. "நீங்கதான் ஊருக்கே முறை சொல்றவரா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம கல்யாணத்துல சீரு இருந்துச்சா? எங்கண்ணன் உங்க தங்கச்சியக் கட்டுச்சு, நீங்க என்னைக் கட்டினீங்க. சரிக்குச் சரின்னு ஒரு வெத்தல பாக்கு மாறல. உங்க கிட்னி அந்த வூட்டுக்குப் போவுது, அவங்களுது நம்ம வூட்டுக்கு வருது. இதுல எந்த முறையில சீரு வெச்சீங்க? வெச்சதுதான் தப்பு. எடுங்க தட்ட!"

மாது தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், தங்கச்சி சொல்றது சரிதான். எனக்குக்கூடத் தோணல பாருங்க."

மலர்விழி குபீரென்று சிரித்துவிட்டாள். "நாங்க மட்டும் என்ன, அரூர்ல தட்டு வாங்கி வெச்சுட்டு, கொண்டாரதா வேணாமான்னு ராத்திரியெல்லாம் சண்ட. இவருதான் சரிக்குச் சரி, வேணாம்னாரு." ராஜா தன் மடியில் இருந்த தட்டைத் தானே எடுத்துச் சின்னராஜ் கையில் கொடுத்தான். "தக்காளிய மொதல்ல எடுத்துட்டுப் போங்க மாமா. பாத்தாலே எச்சி ஊறுது, எனக்கும் ஆகாது" என்றான்.

டாக்டரம்மா உதட்டைக் கடித்து அடக்கித்தான் பார்த்தார், முடியவில்லை. ஒன்பது தட்டும் டெம்போவில் ஏறிய பிறகுதான் விசாரணை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏறியதா என்று பார்க்க ஆளும் அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் சின்னராஜ் முறை. "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"அவதாங்க, குடுக்க வேணாம்னு கட்டாயப்படுத்தினா. நான் கேக்கல."

கையெழுத்து விழுந்தது.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் சின்னராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் திட்டத் திட்ட, ராஜாவின் அறை வாசலுக்குப் போனார். உள்ளே விடவில்லை. முகமூடியோடு கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"மாப்ள, நம்ம வூட்டுப் பொண்ணு அங்க எப்டி இருக்குது? ஒழுங்கா வேல செய்யுதா?"

"சொக்கத்தங்கம் மாமா! வந்த அன்னிக்கே பொறுப்ப எடுத்துக்கிச்சு. மூத்திரம் பை பையா ரொம்புது, நர்ஸம்மாவுக்குக் கை ஓயல."

"பின்ன? நம்ம வளப்பு!" என்று மீசையைத் தடவினார். முகமூடிமேல்தான் கை பட்டது.

அங்கிருந்து மெல்ல நடந்து சுகுணாவின் அறைக் கண்ணாடிக்கு வந்தார். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கல்யாணத்தன்று பார்த்த கன்னம் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "இன்னும் குடிக்கணும்மா, நிறையக் குடிக்கணும்" என்று ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினாள். சுகுணா அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடகடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

பாதி பாட்டிலில் நிறுத்தி, கையை ஆட்டி ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. நர்ஸ்தான் கதவைத் திறந்து தலையை நீட்டிச் சொன்னாள்.

"இனிமே மோட்டார் கொட்டகைக்கு ஓட வேணாமாம். இங்கேயே நின்னு குடிக்கச் சொல்றாங்க."

சின்னராஜ் நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, முகமூடியை இறக்கிவிட்டு, சுகுணா பார்க்கப் பார்க்க ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கண்ணில் வழிந்ததை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டார்.