கிணற்றுச் சந்து, மூன்றாவது வீடு

தேடுபெட்டியில் ‘சாக்கடை’ என்று தட்டினால் தோல் வியாபாரி படியேறி வருவார். அவர் இறந்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூச்சு வாங்க இரண்டாவது மாடிக்கு வந்து, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடைய என் செவுத்துல விடுறான், கேக்க நாதியில்லையா?” என்று கேட்பார். திரையில் அவருடைய பதிவை மூடும்வரை அதையே கேட்பார். மூடியதும் இறங்கிப் போய்விடுவார். முதல் தடவை வந்தபோது அலுவலகமே எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. அடுத்த வாரம் யாரோ அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அதற்கும் அடுத்த மாதம், “யாருங்க அங்க சாக்கடையத் தேடினது? மூடுங்க, காது வலிக்குது” என்று திட்ட அலுவலர் தன் அறைக்குள்ளிருந்து கத்துவதோடு விஷயம் முடிந்துவிட்டது.

கோட்டைச் சுவர் நின்ற காலத்தில் அந்த நகரத்துக்குள் வாழ்ந்த அத்தனை பேரையும் கணினியில் ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. வாயில் காவலர்கள் எழுதிவைத்த வரத்துப்போக்கு, வழக்கு மன்றத்து முறையீடுகள், கிணற்றுப் பங்கு, அநாதைப் பிணங்களை எடுத்த விவரம் என்று பூச்சி அரித்த கட்டுகள் அறை முழுக்கக் கிடந்தன. பழைய எழுத்தைப் படித்துச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே சாப்பிடவும் செய்வதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல ஏற்றியவள் தட்டச்சுக்காரி. பெயர், தொழில், தெரு, உறவு, குறிப்பு என்று ஆளுக்கு ஐந்து பெட்டி. வாயில் காவலர் எழுதிய நொண்டிக் கொல்லனும் வழக்கில் வரும் கொல்லனும் ஒரே ஆள்தானா என்று யோசித்து, ஒரே ஆள் என்றால் சேர்க்கவேண்டும். தப்பாகச் சேர்த்துவிட்டால் வருகிறவனுக்கு இரண்டு மாமியார் இருப்பார்கள். பாவம், வாசல் காவலாளியின் தோளில் சாய்ந்து அழுவான்.

தேடினால் எல்லாரும் வந்தார்கள், ஆனால் காகிதத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் ஆள். ஏதோ ஒரு வழக்கில் சாட்சி சொன்ன குயவர் ஒருவர் வந்து, “நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்” என்பார். என்ன பார்த்தார் என்பதைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. மணி வார்க்கிறவர் ஒருவர் தவறுதலாக இரண்டு முறை பதிவாகி, ஒரே முகத்தோடு இரண்டு பேராக வந்து சன்னலோரம் நின்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார். தட்டச்சுக்காரி ஒரு பதிவை அழித்தாள். பேச்சின் நடுவே ஒருவர் நின்ற இடத்தில் வெயில் விழுந்தது. மிஞ்சியவர் அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் அந்த வெயிலைப் பார்த்தபடியேதான் பேசினார். அழித்தால் அழித்ததுதான், மறுபடி ஏற்றினாலும் வருவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

தட்டச்சுக்காரி ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் தனியாக இருந்தாள். அம்மா இருந்தவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், இருமலுக்கு இடையில் பாதிப் பெயராகவாவது. அண்ணனும் கூப்பிடுவான், கூடவே ஒரு ‘ஏய்’ போட்டு. அம்மாவின் கடைசி நாட்களில் ஒரு எட்டு வந்து பார்க்காதவன் காரியம் முடிந்தபின் வந்தபோது, “இனி இந்தப் படியை மிதிக்காத” என்று அவள் சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவன் அவள் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அலுவலகத்தில் அவள் மேடம், பால்காரருக்கு அக்கா, கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி, காய்கறிக் கடைக்காரருக்கு அம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட மூத்தவர்கள் வேண்டும். அவர்கள் போய்விட்டால் பெயர் பரணில் ஏறிவிடும். படி ஏறி வரும் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ‘ஏய்’ என்று ஒரு குரல் வருமா என்று அவள் காது தானாக நிமிரும். வருகிறவர் கீழ்வீட்டுக்காரராகத்தான் இருப்பார், துணி காயப்போட.

விளக்குத் திரி திரித்தவள் அந்தக் கட்டுகளில் ஒரே ஒரு வரியில் இருந்தாள். எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நகர சபை ஆட்கள் வீடு வீடாகப் போய் எழுதிய கட்டு அது. ‘கிணற்றுச் சந்து, மூன்றாவது வீடு, திரி திரிக்கும் ஒருத்தி, உறவு யாருமில்லை, அரைக் குடம்.’ எழுதியவனுக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அல்லது கேட்டுவிட்டு, இவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டான். தட்டச்சுக்காரி அந்த வரியை ஏற்றிவிட்டு, சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ‘திரி’ என்று தேடினாள். ஒல்லிக் கைகளோடு ஒருத்தி சத்தமில்லாமல் படியேறி வந்து, நாற்காலியைப் பார்த்தும் தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த பஞ்சைத் தொடையில் வைத்து உருட்ட ஆரம்பித்தாள். அந்தப் பஞ்சு தீர்வதேயில்லை.

மதியச் சாப்பாட்டு நேரமானால் தட்டச்சுக்காரி ‘திரி’ என்று தேடுவது வழக்கமாயிற்று. டப்பாவைத் திறந்துகொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்காருவாள்.

“சாப்பிட்டியா?”

“மூணாவது வீடு.”

“அதான் தெரியுமே. நேத்தும் அதையேதான் சொன்ன. பகல்ல தூங்குவியா?”

“யாருமில்லை.”

“எனக்கும் அப்படித்தான் போ.”

“ரெண்டு பேரும் ஊர்க்கதைய எல்லாம் பேசித் தீத்துருவீங்க போலிருக்கே” என்பார் பூதக்கண்ணாடி. மேசை இழுப்பறை திரியால் நிறைந்தது. கரண்ட் போன நாட்களில் அலுவலகம் அதை எடுத்து ஏற்றிக்கொண்டது. அந்தத் திரி ஊதினால் மட்டுமே அணையும், தானாகத் தீராது. அதையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. பதிவுகளை ஒப்படைக்க வேண்டிய மாதம் வந்தபோது ஒரு சிக்கல் முளைத்தது. பெயர்ப் பெட்டி காலியாக இருக்கும் ஆட்களைப் புதிய கணினி ஏற்றுக்கொள்ள மறுத்தது. திட்ட அலுவலர் வேறொரு ஊரில் இருந்த மென்பொருள்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். “சார், பேரே இல்லாத ஆள எப்படி சார் தேடுவாங்க?” என்றார் அவர். “தேடிட்டுத்தானய்யா இருக்கோம்! தினம் வந்து உக்காந்துட்டுப் போகுது!” என்றார் அலுவலர். பிறகு அவரே ஒரு யோசனை செய்தார். பெயர் இல்லாதவர்கள் எல்லாருக்கும் பெயர்ப் பெட்டியில் ‘பெயரில்லை’ என்று போடச் சொன்னார். ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று எண்ணும் புதிய கணினி, சாயங்காலத்துக்குள் அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

மறுநாள் தட்டச்சுக்காரி ‘திரி’ என்று தேடியபோது படி அழுத்தமாக அதிர்ந்தது. வந்தது ஒரே ஆள்தான். ஆனால் எந்த நாற்காலியும் அதற்குப் பொருந்தவில்லை. பிரசவம் பார்த்தவளின் கைகளும் பிணம் தூக்கியவனின் முதுகும் வாயிலில் கண்டெடுத்த குழந்தையின் அழுகையும் அதற்கு இருந்தன. “வடக்கு வாயில், மாட்டுக் கொட்டில், மூணாவது வீடு, சுவரோரம்” என்று போகவேண்டிய இடங்களையெல்லாம் ஒவ்வொரு குரலாகச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அறை நடுவே நடுங்கியபடி நின்றது. அதன் மடியில் ஒரு கொத்துப் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. தட்டச்சுக்காரி சாப்பிடாமல் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தாள். கடைசியில் திரிக்காரி தனியாகத் தரையில் மிஞ்சியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“பேரில்லாதவங்கள அழிச்சிடுங்க மேடம்” என்றார் அலுவலர், முகத்தைப் பார்க்காமல். “வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். நான் என்ன பண்ண?”

கற்பனைப் பெயர் வைத்தால் என்ன என்று தட்டச்சுக்காரி பூதக்கண்ணாடியிடம் கேட்டாள். அதை அவர் ஏற்கெனவே பிரசவம் பார்த்தவளுக்குச் செய்து பார்த்திருந்தார். நன்றாக உடுத்திய யாரோ ஒரு பெண் வந்து, பிள்ளைப்பேறு என்றால் என்னவென்றே தெரியாமல் விழித்துவிட்டுப் போனாள். அந்தப் பெயரை எடுத்த பிறகுதான் பழையவள் வந்தாள். “இல்லாத பேர வச்சா இல்லாத ஆள்தான் வரும்மா. செத்தவங்க பேர வச்சா அந்தச் செத்தவங்களே வந்து நிப்பாங்க. உசுரோட இருக்குற ஒருத்தர் சின்ன வயசுலேர்ந்து திட்டு வாங்கித் திட்டு வாங்கி வளத்த பேரா இருக்கணும். அதையும் அவங்களாக் குடுக்கணும்” என்றார்.

“அப்ப உங்க பேரக் குடுங்களேன்.”

“என் பேரா?” அவர் லென்ஸைக் கீழே வைத்தார். அன்றுதான் அவருடைய கண் எவ்வளவு சின்னது என்று அவள் பார்த்தாள். “பென்ஷன் ஆபீஸ்ல கேப்பாங்களே. அதுகூடப் பரவால்ல. வீட்டுக்காரி கோவம் வந்தா அந்தப் பேரச் சொல்லித்தான் கத்துவா. அது இல்லாம வீட்டுக்குள்ள எப்படிம்மா போறது?”

அன்று சாயங்காலம் தட்டச்சுக்காரி வீட்டில் நின்றபடியே தன் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். யாரோ அடுத்த தெருவில் இருப்பவளைக் கூப்பிட்டதுபோல இருந்தது. சும்மாதானே கிடக்கு என்று நினைத்தாள். அண்ணன் ஞாபகம் வந்தது. அவனுக்கு வேண்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது வந்து கேட்டிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆனாலும் கொஞ்ச நேரம் படிக்கட்டுப் பக்கம் காது கொடுத்து நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெயரில்லாதவர்களை ஒவ்வொருவராகத் தேடி வரவழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு அழித்தாள். பிரசவம் பார்த்தவள் போனாள். பிணம் தூக்கியவன் போனான். கண்டெடுத்த குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். மடி லேசானது. அவர்கள் யார்மேலும் அவளுக்கு வஞ்சம் இல்லை, அவளிடம் ஒரு பெயர்தான் இருந்தது. கடைசியாகக் கிணற்றுச் சந்து, மூன்றாவது வீட்டின் காலிப் பெட்டியில், காகிதத்தில் இல்லாத ஒன்றை வாழ்க்கையில் முதல் முறையாகத் தட்டினாள். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு வீடு இருந்ததால் திரிக்காரி அங்கே வந்துவிட்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து பஞ்சை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து, “அடுப்பக் கொஞ்சம் பாரு, பால் பொங்கிடப் போவுது” என்றாள். அறுநூறு வருஷத்தில் அவள் பேசிய முதல் புதுப் பேச்சு அது. அந்தப் பெயரோடு கூடப் போகவேண்டியவை எல்லாம் அவளிடம் போயிருந்தன. அம்மாவின் இருமல் எந்த இடத்தில் பெயரை முறிக்கும், எந்தப் படி கிறீச்சிடும், அண்ணன் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டச்சுக்காரிக்கும் அவை நினைவிருந்தன, வேறு யாரோ சொல்லிக் கேட்டதைப்போல.

அடுத்த மாதம் சம்பளச் சீட்டில் பெயர் இருந்த இடம் வெள்ளையாக வந்தது. குடும்ப அட்டையிலும் வெள்ளைதான். மேடம், அக்கா, ஆன்ட்டி, அம்மா என்று கூப்பிட்டவர்கள் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திட்டம் முடிந்து, வேறு ஏதோ அலுவலகம் அந்த மாடிக்கு வந்தது. தோல் வியாபாரியின் சுவர் பிரச்சினையை இப்போது உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் தேடலாம் என்பதால் அவர் ஓயாமல் அலைவதாகச் சொன்னார்கள். பூதக்கண்ணாடி ஓய்வு பெற்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். மாடி வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி கேட்பாள்.

ஒரு மழைக்காலத்தில், மத்தியான நேரம், படி கிறீச்சிட்டது. “ஏய்” என்று சொல்லி, கூடவே பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான் அண்ணன். தலை முழுக்க நரைத்து, குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றான்.

தட்டச்சுக்காரி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் திரிக்காரி, “என்னண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று எழுந்துவிட்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே தன் தங்கையைப் பார்த்தான். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கடைசி நாட்களில் தான் ஏன் வரவில்லை என்பதைச் சொன்னான். ரயிலடி வரைக்கும் வந்து, பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிப் போனதைச் சொன்னான். அழுதான். “போவுது விடுண்ணே, சைக்கிள்லேர்ந்து தள்ளிவிட்டதையே நான் இன்னும் யார்ட்டயும் சொல்லல” என்றாள் அவள். அவன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான்.

“நான்தான்” என்று தட்டச்சுக்காரி வாயெடுத்தாள். அதற்குப் பின்னால் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். “இவங்க யாரு?” என்று தங்கையிடம் கேட்டான்.

திரிக்காரி கொஞ்சம் யோசித்தாள். “என்கூட இருக்கிறவங்க” என்றாள்.

தட்டச்சுக்காரி அந்தச் சொல்லோடு சமையலறைக்குப் போனாள். தேநீர் போட்டாள். அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலேயே போட்டுக்கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு மிச்சத்தையும் குடித்தான். மழை விட்டதும் கிளம்பினான். குடையை விரித்தபடி படியில் நின்று, “தங்கச்சியக் கொஞ்சம் பாத்துக்குங்க. அவளுக்கு வேற யாருமில்ல” என்று அவளிடம் சொன்னான்.

“பாத்துக்கறேங்க” என்றாள் அவள். கடைசிவரை பார்த்தும் கொண்டாள்.